மீண்டும் மாணவராதல்

வானில் பறப்பன யாவும் ஒரே வகையாகப் பறப்பன அல்ல. திருவேங்கடம் போன்ற கரிசல் நிலத்து ஊர்களில், மழை ஓய்ந்த நாளில் கண்மாய்க் கரையில் நின்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். தட்டான்பூச்சி நீரின்மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்கும். உயரத்தே பருந்தோ, விரித்த சிறகை அசைக்காமலே மிதந்து செல்லும். ஹெலிகாப்டர் தட்டானை ஒத்தது. பயணிகள் விமானம் பருந்தை ஒத்தது. படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய ஒருவர் பயணிகள் விமானத்தை ஓட்ட விரும்பினால் அவர் கற்க வேண்டுவன யாவை என்பதை இங்கே காண்போம்.

நம் தமிழகத்து அரக்கோணத்தில் 'ராஜாளி' என்னும் கடற்படை விமானத் தளம் உள்ளது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் அங்கே பயிற்சி பெறுகின்றனர். வான்படையிலும் ஹெலிகாப்டர் விமானிகள் பலர் உளர். 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் என்னும் பெண் விமானிகள் 'சீட்டா' என்னும் சிறு ஹெலிகாப்டரை மலைப்பகுதியில் செலுத்திப் பணியாற்றினர். அக்காலத்தில் பெண் விமானிகளுக்குப் படையில் நிலையான பணி இல்லை. குஞ்சன் சக்சேனா 2004ஆம் ஆண்டில் படையினின்று விலகினார். இவ்வாறு உடல்வலியும் ஆர்வமும் குன்றாத வயதிலேயே படையை விட்டு நீங்குவோர், தாம் கற்ற கலையைக் கொண்டே வாழ எண்ணுதல் இயல்பு.

ஆயினும் அக்கலை முழுவதும் அப்படியே பயன்படுவதில்லை. ஹெலிகாப்டரின் தலைமேல் சுழலும் நீண்ட தகடுகளே அதற்குச் சிறகுகள். ஆதலின் அது முன்னேறாமலும் வானில் நிற்கும். விமானத்தின் சிறகோ சுழலாதது. காற்று அதன்மீது விரைந்து ஓடினால்தான் அது விமானத்தைத் தாங்கும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறையின் தாங்கும் ஆற்றல் கெடும். பெரிய ஹெலிகாப்டர் ஒன்று மிக விரைந்து பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பெரிய பயணிகள் விமானம் தரையைத் தொடும்போதே அதன் வேகம் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்! இறங்குமிடத்தை நெருங்கியதும் வேகத்தை முற்றிலும் குறைத்து நிற்கப் பழகிய கை, இங்கே அவ்வாறு செய்யின் பெருங்கேடு விளையும். பழைய பழக்கத்தை அடக்குதல், புதியதைக் கற்பதினும் அரிது.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. ஹெலிகாப்டருக்குரிய உரிமம் வேறு; விமானத்திற்குரிய உரிமம் வேறு. இவற்றை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். வானிலை, வழியறிதல், வான்விதிகள் முதலியவற்றில் தேர்வு எழுத வேண்டும். விமானத்திலும் போதிய நேரம் பறந்து காட்ட வேண்டும். பின்னர், ஓட்டவிருக்கும் விமானத்தின் அறையைப் போலவே அமைந்த பயிற்சிப் பொறியில் அமர்ந்து, எந்திரம் பழுதுறுதல் போன்ற இடர்களை எதிர்கொள்ளப் பழக வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின்னும் அவர் பெறுவது துணை விமானியின் இருக்கையே. படையில் பலருக்குத் தலைமை தாங்கியவர், தம்மினும் இளைய தலைவர் ஒருவரின் சொற்கேட்டு நடக்க நேரலாம்.

அவர் தம்முடன் கொண்டுவரும் செல்வமும் உண்டு. மேகத்தின் போக்கை அறியும் கண்ணும், இடரில் கலங்காத உள்ளமும் எந்த ஊர்திக்கும் வேண்டுவன. எனினும் துணிவின் பொருள் இங்கே சற்று மாறுகிறது. போர்க்களத்தில் காயமுற்றவரை மீட்க உயிரையும் பொருட்படுத்தாது செல்லுதல் வீரம். 180 பயணிகளைச் சுமந்து வருபவர்க்கோ, வானிலை தீயதாயின் இறங்காமல் வேறு நிலையத்திற்குத் திரும்பிச் செல்லுதலே கடமை. காலந்தாழ்ந்ததெனப் பயணிகள் முணுமுணுப்பினும் அவர் மனம் மாறலாகாது.

மாணவர்களே! பெற்ற திறமையை எண்ணிச் செருக்குறுவோர் கற்பதை நிறுத்திவிடுவர். பதக்கம் அணிந்த மார்போடு மீண்டும் பாடப்புத்தகத்தைத் திறப்பவரே, தம்மை நம்பி ஏறியவரை நலமாகக் கரை சேர்ப்பர்.