கொல்லைப்புறத்து நாட்காட்டி

கூடத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கிறோம். அதே வீட்டின் கொல்லையில் இன்னொரு நாட்காட்டி இருக்கிறது. அதில் எண்கள் இல்லை. தளிரும் பூவும் மணமுமே அதன் தாள்கள். இதற்குப் பெரிய தோட்டம் வேண்டுமென்பதில்லை. ஒரு வேப்பமரம், கிணற்றடியில் நாலு சேம்பு, தொட்டிகளில் மல்லிகையும் சாமந்தியும் இருந்தால் போதும். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மண்தொட்டிகளையும் தெருவோர மரத்தையும் பார்க்கலாம். இந்த நாட்காட்டியை ஓராண்டுக்குப் புரட்டிப் பார்ப்போமா?

மாசி, பங்குனி: செந்தளிர்

இலையுதிர்த்து நிற்கும் வேம்பு, பங்குனி வெயிலில் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. மாமரமும் அப்படியே. புடவைக் கடையில் ‘மாந்தளிர் நிறம்’ என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அந்த நிறந்தான் இது. இலை என்றால் பச்சை. தளிர் மட்டும் ஏன் சிவப்பு?

பிறந்த இலையில் பச்சையம் உடனே நிரம்புவதில்லை. மெல்லிய அந்தத் தோலின் மேல் கோடை வெயில் நேராக விழுந்தால் தாங்காது. அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி அளவுக்கு மிஞ்சிய ஒளியைத் தடுத்து, குடைபோலக் காக்கிறது என்பது அறிவியலார் கருத்து. பச்சையாகத் தோன்றாத தளிரைப் பூச்சிகள் நாடுவது குறைவு என்று கருதுவோரும் உண்டு. இலை முற்றியபின் குடை தேவையில்லை. சிவப்பு மறைந்து பச்சை மேலோங்குகிறது.

சித்திரை, வைகாசி: மாலை மணம்

காலையில் மொட்டாகப் பறித்துத் தொடுத்த மல்லிகைச் சரம், மாலையில் தானே விரிந்து மணப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறித்த பிறகும் பூ நேரம் தவறுவதில்லை. இருள் கவிந்தபின் வண்ணத்தால் பயனில்லை. வெண்மை ஓரளவு தெரியும், மணமோ வெகுதூரம் செல்லும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை மகரந்தச் சேர்க்கைக்கு அழைக்கும் ஏற்பாடு இது. பென்சைல் அசிடேட், லினலூல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் அந்த மணத்தில் கலந்துள்ளன.

ஆனால் நாம் வளர்க்கும் அடுக்குமல்லி விதை பிடிப்பது மிக அரிது. அதனால்தான் பதியனிட்டோ போத்து நட்டோ வளர்க்கிறோம். விதையில்லாவிட்டாலும், அழைக்கும் பழக்கத்தை அது விடவில்லை.

ஐப்பசி, கார்த்திகை: மண்வாசமும் முத்துநீரும்

காய்ந்த தரையில் முதல் மழை விழுந்ததும் மண்வாசம் எழுகிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களான இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமசும் 1964ஆம் ஆண்டு இதற்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டனர். இவ்வாசத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு உரியது. அதை உண்டாக்குபவை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள். இந்த மணமும் ஓர் அழைப்பே! மிகச் சிறிய மண்ணுயிர்கள் சில இதை நாடி வந்து, அந்தப் பாக்டீரியாக்களின் வித்துகளைச் சுமந்து சென்று பரப்புகின்றன என்பது 2020இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

மழை விட்டதும் சேம்பு இலையைப் பாருங்கள். நீர் ஒட்டாமல் முத்தாக உருளும். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுப் பூச்சும் உண்டு. நீர்த்துளி மேடுகளின் நுனியை மட்டுமே தொடுகிறது. இடையில் காற்று நிற்கிறது. உருளும் துளி, தூசியையும் பூஞ்சை வித்துகளையும் வாரிக்கொண்டு போய்விடும். இலை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது! தாமரை இலையில் நடப்பதும் இதுவே. ஓர் இலையின் பாதியை மட்டும் விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, இருபுறமும் நீர் தெளித்துப் பாருங்கள். தேய்த்த பக்கம் நனையும், மறுபக்கம் நனையாது.

மார்கழி, தை: இரவை அளக்கும் செடி

குளிர் வந்ததும் சாமந்தி பூக்கிறது. குளிர்தான் காரணம் என்று எண்ணுவோம். ஆனால் முக்கியமாகச் செடி அளப்பது இரவின் நீளத்தை. பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் தொடர்பு உண்டென்று அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் 1920இல் விளக்கினர். செடிக்கு உண்மையில் கணக்கு, இடையறாத இருள்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமே. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இருளின் நீளத்தை உணர உதவுகிறது, நுனிக் குருத்துக்குச் செய்தி போகிறது, மொட்டு பிறக்கிறது.

ஆவணி மாதமே ஒரே வகைச் சாமந்தியை இரு தொட்டிகளில் வையுங்கள். ஒன்று இரவு முழுவதும் வாசல் விளக்கொளியில் இருக்கட்டும். மற்றது இருட்டில் இருக்கட்டும். எது முதலில் மொட்டு விடுகிறது என்று பாருங்கள். பூவைத் தள்ளிப்போட விரும்பும் வணிகப் பண்ணைகளில் இரவில் விளக்கெரிப்பது இதனால்தான்.

எழுதி வைத்தால் என்ன பயன்?

உங்கள் தெரு வேம்பு பத்தாண்டுகளுக்கு முன் எந்தத் தேதியில் பூத்தது என்று பாட்டியைக் கேளுங்கள். “வருஷப் பிறப்புக்கு முன்னாலேயே பூத்துடும், அதைப் பறித்துத்தான் பச்சடி வைப்போம்” என்பார். தேதி அவருக்கு நினைவிருக்காது. எழுதி வைக்காத மாறுதல் நம் கண்முன்னேயே நடந்தாலும் தெரியாமல் போய்விடும்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தார் எழுதி வைத்தார்கள். அரண்மனையைச் சேர்ந்தவர்களும் துறவிகளும் செர்ரிப் பூ விழாவைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியபோது, மரங்கள் நிறையப் பூத்த நாளும் பதிவாயிற்று. இடையிடையே விட்டுப்போனாலும் அக்குறிப்புகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் நிறையப் பூத்த மரங்கள், 2021இல் மார்ச் 26ஆம் தேதியே பூத்து நின்றன. புவி வெப்பமடைவதற்கும் நகரின் சூடு ஏறுவதற்கும் இன்று அக்குறிப்புகள் சான்றாகின்றன. பூவை ரசித்தவர்கள், தம்மை அறியாமலே அறிவியலுக்கும் உதவினார்கள்.

நீங்களும் தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரே மரத்தையும் ஒரே செடியையும் ஆண்டுதோறும் கவனியுங்கள். முதல் தளிர், முதல் மொட்டு, முதல் பூ, முதல் காய் ஆகிய நான்கின் தேதிகளை எழுதுங்கள். மழை பெய்த நாளையும் குறியுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். காணாத நாளை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரே ஊரில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

இன்று மாலை பள்ளி விட்டு வந்ததும் ஐந்து நிமிடம் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். என்ன தளிர்த்திருக்கிறது, என்ன பூத்திருக்கிறது? முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு அதை எழுதிவிடுங்கள்.