அணிற்பிள்ளையின் வழக்கு

மாம்பழத்தைக் கோதிக் கெடுக்கும் கள்வனென்று தோட்டக்காரர் அணிலைப் பழிப்பர். அணில் கடித்த பழமே இனிக்குமென்று தேடியெடுத்து உண்பாரும் அவரே! ஈழத்து வளவுகளில் ஓடித்திரிவது முதுகில் மூன்று வெண்கோடுகளையுடைய இனம். வட இந்தியாவிற் பரவியுள்ள இனத்துக்கோ கோடுகள் ஐந்து. இராமபிரான் தடவியதால் அவை உண்டாயின என்பது செவிவழிக் கதை. வான்மீகியார் பாடிய அணைகட்டும் படலத்தில் அணில் வருவதில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அணைக்கு உதவிய அணிலைப் போற்றினாரெனினும் கோடுகளைப்பற்றி யாதும் கூறினாரல்லர்.

அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. கொறித்துத் தேய்க்காவிடின் அவை மிக நீண்டு, உண்ணவும் இயலாமற் செய்துவிடும். ஆதலின் கொறித்தல் அதற்குக் குறும்பன்று, பிழைப்பு. பழமும் விதையுமேயன்றிப் பூச்சிகளையும் அது தின்னும். இலவமரம் பூக்குங்காலத்துத் தேன் அருந்த வேண்டிப் பூவுக்குப் பூ தாவுகையில் அதன் முகத்திற் படியும் மகரந்தம் அடுத்த பூவைச் சேரும். இவ்வூழியத்துக்கு மரம் தருங் கூலி அத்தேனே. பூனையோ பாம்போ வளவினுள் நுழைந்தால் வாலை உதறி இடைவிடாது கீச்சிடும். அக்குரல் கேட்டுப் பறவைகளும் விழிப்படையும்.

நட்டம் இல்லையென்று கூறுதல் பொய்யாகும். எனினும் பொறி வைக்குமுன் மாதுளங்காய்களைத் துணியால் முடிந்து வைத்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டுவது பழஞ்சீலைத் துண்டு ஒன்றே.