ஒப்பிட ஆள் இல்லாத சோதனை

பக்கவாதம் என்றதும் நமக்குத் தாத்தா பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்திற்கு வந்த சிறுமிக்கு வயது மூன்றுதான். காய்ச்சல், தோலில் தடிப்பு, அத்துடன் பக்கவாதம். காரணம் தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின.

2014இல் அமெரிக்க ஆய்வாளர்களும் இஸ்ரேலிய ஆய்வாளர்களும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தனர். 22ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு பழுது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அந்த மரபணு ‘ஏடிஏ2’ என்ற நொதியை உருவாக்குகிறது. நொதி இல்லாவிட்டால் சில வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுகின்றன. ‘டிஎன்எஃப்’ எனும் புரதம் அழற்சியைத் தூண்ட, இரத்தக் குழாய்ச் சுவர் வீங்குகிறது. மூளையின் உள்ளே ஆழத்தில் ஓடும் மெல்லிய குழாய் அடைபட்டால் பக்கவாதம். சில சமயம் குழாய் கசிவதும் உண்டு. அதனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இங்கே ஆபத்தாகலாம்.

மூட்டு அழற்சிக்குக் கொடுக்கப்படும் எட்டனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கின்றன. இங்கும் பலன் தருமா?

வழக்கமாக நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனையை எழுதி வந்தால் நானே மதிப்பெண்ணைக் குறைப்பேன். ஆனால் இந்த நோய் மிக அரிது. மேலும், ஒரு பிள்ளைக்கு வெறும் உப்புநீர் ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த பக்கவாதம் வருகிறதா என்று யார் காத்திருப்பது?

ஆகவே, நோயாளியை அவரது கடந்த காலத்தோடே ஒப்பிட்டார்கள். இதற்கு ‘நோயாளி மாதம்’ என்ற அளவு உதவுகிறது. பத்துப் பேரை ஆறு மாதம் கவனித்தால் 60 நோயாளி மாதங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் இத்தனை மாதங்களில் எத்தனை பக்கவாதம் என்று எண்ணினார்கள். 2019இல் வெளியான முடிவில் 15 நோயாளிகள் இருந்தனர். மருந்துக்கு முன் அந்தக் குழுவில் பக்கவாதம் திரும்பத் திரும்ப வந்தது. மருந்து தொடங்கிய பின் ஒன்றுகூட இல்லை.

நோய் தானாகவே தணிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒருவருக்கு அப்படி நடக்கலாம். 15 பேருக்கும் மருந்து தொடங்கிய நேரம் பார்த்துத் தணிவது கடினம்.

மருந்து மரபணுவைச் சரிசெய்வதில்லை. தொடர்ந்து போட வேண்டும். டிஎன்எஃப் காசநோய்க் கிருமியை அடக்கி வைக்கும் வேலையையும் செய்கிறது. அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.