மட்டக்களப்பிலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரப் பறப்பு?

பொலன்னறுவை, ஹபரணை, வவுனியா என்று சுற்றி யாழ்ப்பாணம் போய்ச் சேர 350 கிலோமீற்றருக்கு மேல் ஆகிறது. இரவு மட்டக்களப்பில் பஸ் ஏறினால் விடியத்தான் இறங்கலாம். வான்வழித் தூரம் எவ்வளவு என்பதை, ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் வீட்டிலிருந்தே கணக்கிடலாம்.

திமிலைதீவுப் பக்கம், வாவியோரம் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையம் வடக்கு 7 பாகை 42 கலை, கிழக்கு 81 பாகை 41 கலையில் இருக்கிறது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி வடக்கு 9 பாகை 47 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை. அகலாங்கில் ஒரு கலை என்றால் ஒரு கடல்மைல். ஆகவே வடக்கே 125 கடல்மைல் போக வேண்டும். மேற்கே 97 கலை வித்தியாசம். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் அது நம் பகுதியில் 96 கடல்மைலாகக் குறைகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் 157 கடல்மைலுக்குச் சற்றுக் கூட வரும். 1.852 ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பூமி உருண்டை என்பதால் ஏற்படும் பிழை இவ்வளவு சிறிய தூரத்தில் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

அந்த நேர்கோடு ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கமாகப் போய், திருகோணமலையை வலக்கைப் பக்கம் விட்டு, கிளிநொச்சியைத் தொட்டு, யாழ்ப்பாணக் கடனீரேரியைக் கடக்கிறது.

நேரம் விமானத்தைப் பொறுத்தது. இணையக் கணிப்பான்கள் பல, மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் ஜெட்டை மனதில் வைத்து ஒரு விடை தருகின்றன. மட்டக்களப்பின் குட்டையான ஓடுபாதையில் பெரிய ஜெட் இறங்காது. கட்டுநாயக்கவிலிருந்து இங்கு வந்துபோன செஸ்னா கரவன் போன்ற சிறு விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் வைத்துக்கொள்ளலாம். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வரத் தொடங்கிய ஏ.டி.ஆர். 72 என்றால் 50 நிமிடம் போதும்.

காற்று இந்த வழியில் அவ்வளவாகக் குறுக்கிடாது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பயணத் திசை வடமேற்கு. வடகீழ்ப் பருவக்காற்றும் தென்மேல் பருவக்காற்றும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். விமானி மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி ஓட்டுவார்; ஓரிரு நிமிடத்துக்கு மேல் இழப்பு வராது. ஆனால் விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். அதற்கேற்ப இரண்டு ஊர் ஓடுபாதைகளும் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கின்றன. அதனால் எழும்பியதும் ஒரு பெரிய திருப்பம், இறங்குமுன் இன்னொன்று. ஏறி இறங்குவதற்கென்று நான் கூட்டிய நிமிடங்களில் ஒரு பகுதி இதற்குத்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால், முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரமும் பலாலியிலிருந்து யாழ் நகருக்குப் போகும் வீதிப் பயணமும் சேர்ந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். நேரடி விமானமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கொழும்புக்கு அருகே இரத்மலானை போய் மாறினால் வான்வழித் தூரம் மட்டும் 550 கிலோமீற்றர். மாறும் இடத்தில் காத்திருப்பு வேறு. பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியசாலைக்குமாக இரண்டு ஊருக்குமிடையே அலைபவர்களை நினைத்தால், கிழக்கையும் வடக்கையும் இணைக்கும் விமானம் கொழும்பைச் சுற்றாமல் நேராகப் பறக்க வேண்டும் என்றே சொல்வேன்.