எஃகு உறைத் தோட்டாக்களும் பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளும்

தோட்டா என்பது ஒரே பொருளன்று. முனையில் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கும் உறை என நான்கும் சேர்ந்ததே தோட்டா. உறை பெரும்பாலும் பித்தளையால் ஆனது. அதை மென்மையான எஃகால் செய்தால் அது எஃகு உறைத் தோட்டா. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் அரக்கு, துத்தநாகம், செம்பு போன்ற பூச்சு இருக்கும். செம்பு பூசியதைக் கண்ணால் மட்டும் பார்த்து இனம் காண்பது கடினம். பழைய இரும்புக் கடைக்காரர்களின் வழியே இங்கும் எளிது: வெற்று உறையில் காந்தம் ஒட்டினால் எஃகு.

பித்தளை விலை அதிகம் என்றாலும் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. சுடும் கணத்தில் உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அடுத்த நொடியே சற்றுச் சுருங்கி எளிதில் வெளியே வருகிறது. எஃகு அவ்வளவு நன்றாக அடைக்காது. அதனால் அறையில் கரி கூடுதலாகப் படியும். உறையை இழுக்கும் கொக்கியும் சற்று விரைவாகத் தேயும்.

போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது எஃகு முன்னுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் இதைப் பெருமளவில் பயன்படுத்தின. அமெரிக்காவின் எவன்ஸ்வில் ஆலையில் .45 தோட்டாக்கள் எஃகு உறையில் தயாராயின. 1943இல் அந்நாட்டின் ஒரு சென்ட் நாணயமே செம்பை விட்டு எஃகுக்கு மாறியது.

"எஃகு உறை பழைய துப்பாக்கியைக் கெடுத்துவிடும்" என்பது பாதி உண்மையே. டோக்கரேவ், மக்காரோவ் போன்ற சோவியத் கைத்துப்பாக்கிகள் எஃகு உறைத் தோட்டாக்களையே சுட்டு வந்தவை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் மவுசர் கைத்துப்பாக்கியின் 7.63 மி.மீ. தோட்டாவை ஒட்டியே டோக்கரேவின் 7.62 மி.மீ. தோட்டா உருவானது. அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையும். ஆனால் டோக்கரேவ் தோட்டாக்கள் பொதுவாக அதிக அழுத்தம் தருபவை. நூறாண்டு கடந்த மவுசரில், தளர்ந்துபோன சுருள்வில்லோடு அதைச் சுட்டால் பாகங்கள் உடைந்து சுடுபவரையே காயப்படுத்தலாம். 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ராடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து புரட்சியாளர்கள் கைப்பற்றிய 50 துப்பாக்கிகளும் இந்த மவுசர் வகையே. நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

இன்னொன்று உப்பு. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் தங்கி, காற்றின் ஈரத்தைப் பிடித்துத் துருவை உண்டாக்கும். வண்ணாரப்பேட்டை, இராயபுரம், எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சன்னல் கம்பி எத்தனை முறை வண்ணம் பூசினாலும் துருவேறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே உப்பு வேலைதான் குழலுக்குள்ளும் நடக்கிறது. எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய் இட வேண்டும். பலர் இந்தக் குற்றத்தையும் எஃகு உறையின் தலையில் சுமத்துகிறார்கள்.

இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றோர் வைத்திருப்பது பெரும்பாலும் .32 வகை. 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால் வெப்லி போன்ற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் கைமாறி வருகின்றன. அவற்றுக்குக் கிடைப்பது கிர்க்கி தொழிற்சாலையின் பித்தளை உறைத் தோட்டாதான். ஆகவே இங்கு கவனிக்க வேண்டியது எஃகா பித்தளையா என்பதை விட, துப்பாக்கியின் வயதும் சுருள்வில்லின் நிலையும்.

பழைய இரும்புக் குவியலில் சுடாத தோட்டா கிடைத்தால் தட்டவோ, அறுக்கவோ, சூடாக்கவோ கூடாது. உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், அதை இருந்த இடத்திலேயே விட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.