ஊருக்கு ஒரு வான சாஸ்திர சங்கம்

கிரகணம் ஒன்று வருகிறது. அல்லது வால் நட்சத்திரம் ஒன்று தென்படுகிறது. உடனே ஊரில் உத்ஸாகம் பிறக்கிறது. பொதுக்கூட்டம் கூடுகிறது. தனவந்தர் ஒருவர் அக்கிராசனராகிறார். சந்தா வசூலித்துத் தொலைநோக்கி ஒன்று வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தால், அந்தத் தொலைநோக்கி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கும். சங்கத்தின் பெயர்ப்பலகை மட்டும் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

இந்தக் கதி ஏன் நேர்கிறது? பணமின்மையால் அன்று, அறிவின்மையாலும் அன்று. சங்கம் என்பது கருவி வாங்குவதற்காக ஏற்பட்டது என்று நினைத்துவிடுவதால் நேர்கிறது. கருவி வந்த அன்றே அத்தகைய சங்கத்தின் நோக்கம் முடிந்துவிடுகிறது. வான சாஸ்திர சங்கத்தின் உயிர் அதன் தொலைநோக்கியில் இல்லை. அதன் பதிவேட்டில் இருக்கிறது என்பதே நமது துணிபு. இதற்கு உலக அநுபவம் சான்றளிக்கிறது.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அந்நாளில் யந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளே அவ்வூரின் ஜீவனமாக இருந்தன. 1920-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் அங்கே ஒரு வகுப்பு நடத்தினார். வந்தவர்களிற் பெரும்பாலோர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். இரண்டு கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே தேய்ப்புத் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேல்தட்டு மெல்ல மெல்லக் குழிந்து வரும். அதை மெருகேற்றி, வெள்ளி பூசினால், அதுவே தொலைநோக்கியின் ஆடி. இவ்வேலையை அவர்கள் தங்கள் கையாலேயே செய்தார்கள். 1923-ல் சங்கம் முறைப்படி அமைந்தது. குன்றின்மேல் ஒரு சிறு மனையும் எழுந்தது. தன் கையால் ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவரே முழு அங்கத்தினர் என்று விதி வகுத்தார்கள். சந்தா கட்டியவரெல்லாம் அங்கத்தினர் ஆகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1926-ல் அக்குன்றின்மேல் தொடங்கிய மாநாடு, இன்று பல தேசத்தார் கூடும் விழாவாக வளர்ந்திருக்கிறது.

இதினும் நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. இன்று வங்காள தேசத்தில் அடங்கிய ஜெஸ்ஸூரில் ராதாகோவிந்த சந்திரர் என்பவர் கஜானா குமாஸ்தாவாக இருந்தார். பிரவேசப் பரீட்சையிலும் தேறாதவர். 1910-ல் ஹாலி வால் நட்சத்திரத்தைக் கண்டு வானத்தில் மனம் பற்றினார். பின்னர் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தமது சொற்ப வருமானத்திலிருந்து வாங்கினார். 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் திடீரெனத் தோன்றிய புது நட்சத்திரத்தைப் பிறர் உதவியின்றித் தாமே கண்டு, அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு நிலையத்துக்கு எழுதினார்.

ஒளி மாறும் நட்சத்திரங்களை நோக்கும் அமெரிக்கச் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. அச்சங்கத்தை 1911-ல் தொடங்கிய வில்லியம் டைலர் ஆல்காட்டும் தொழிலால் வான சாஸ்திரி அல்லர்; வக்கீல். 1926-ல் அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து ஜெஸ்ஸூருக்கு இரவலாக அனுப்பியது. தன் கருவியை அலமாரியில் பூட்டி வைக்காமல், முகமறியாத ஒரு குமாஸ்தாவின் கையில் ஒப்படைத்தது. காரணம் ஒன்றே. அவருடைய பதிவேட்டை அது பார்த்திருந்தது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. சந்திரர் தம் வாழ்நாளில் அனுப்பிய நட்சத்திர அளவுகள் 37,000-க்கு மேற்பட்டவை.

அக்கருவியின் கதை அதோடு முடியவில்லை. சந்திரருக்குப் பின் அது சென்னையிற் பிறந்த வேணு பாப்புவின் பொறுப்புக்கு வந்தது. அவரும் இளமையில் ஒளி மாறும் நட்சத்திரங்களை நோக்கிப் பழகியவரே. அவர் ஜவ்வாது மலையில் நிறுவிய காவலூர் நிலையத்துக்கு அக்கருவி வந்து சேர்ந்தது. கை மாறிக்கொண்டே இருந்ததால் அது வாழ்ந்தது.

நம் ஊர்களில் இத்தகைய சங்கம் நடவாதா? புனாவில் 1944-ல் தோன்றிய ஜ்யோதிர்வித்யா பரிசம்ஸ்தா எண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அங்கே கூடுவது இங்கே கூடாது என்பதற்கு நியாயமே இல்லை.

கருவி இல்லையே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். மார்கழித் திருவாதிரையைக் கொண்டாடாத தமிழ்நாட்டு ஊர் உண்டா? அந்தத் திருவாதிரை நட்சத்திரத்தின் ஒளி 2019-ன் இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. அது உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசி மேகமாகி நமக்கும் அதற்கும் இடையே நின்றதே முக்கிய காரணம் என்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். இம்மாறுதலைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை; அருகிலுள்ள ரோகிணியோடு வெறுங்கண்ணால் ஒப்பிட்டாலே போதும். எத்தனை ஊர்களில் அதைத் தேதியிட்டு எழுதி வைத்தார்கள்? கண் இருந்தது, வானம் இருந்தது, பதிவேடு இல்லை.

ஒரு மனிதனின் ஆயுளுக்கு மேற்பட்ட காரியங்களும் வானத்தில் உண்டு. வடமகுட மண்டலத்திலுள்ள நட்சத்திரம் ஒன்று 1866-ல் ஒருமுறையும் 1946-ல் ஒருமுறையும் திடீரெனப் பொங்கி ஒளிர்ந்தது. இடையே 80 ஆண்டுகள். முதல் நிகழ்ச்சியைக் கண்டவர்களில் இரண்டாவதையும் கண்டவர் அரியர். ஆனால் முன்னவர் எழுதி வைத்ததைப் பின்னவர் படித்தார். தனி மனிதன் மறைவான். ஒழுங்காக நடந்த சங்கம் மறையாது.

ஆகவே, சங்கம் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில யோசனைகள் கூறுவோம். முதலாவது, கூடும் நாளை நிச்சயம் செய்க. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை என்று வைத்தால் எவருக்கும் அறிக்கை வேண்டியதில்லை. இருவரே வந்தாலும் கூட்டம் நடக்க வேண்டும். இரண்டாவது, முதற் செலவு பதிவேட்டுக்கு ஆகட்டும். தொலைநோக்கி பிறகு வரலாம். மூன்றாவது, கருவி வாங்கினால் முறை வைத்து அங்கத்தினர் வீட்டுக்கு இரவல் கொடுங்கள். பூட்டி வைத்த கண்ணாடியில் நம் நாட்டு ஈரத்தால் பூஞ்சை படரும். புழங்கும் கண்ணாடியே துடைத்துப் பேணப்படும். நான்காவது, மழை மாதங்களில் சங்கத்தை மூடிவிடாதீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் ஆடி தேய்க்கவும், நட்சத்திரப் படம் பயிலவும், கணக்கைத் தணிக்கை செய்யவும் ஏற்ற காலம். ஐந்தாவது, கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். ஆதலால் வெள்ளை விளக்குக்கு இடம் தராமல், சிவப்புத் தாள் சுற்றிய விளக்கையே உபயோகிக்கவும். ஆறாவது, தக்க வடிகட்டி இன்றிச் சூரியனைக் கருவி வழியே எவரையும் பார்க்க விடாதீர்கள். கண் போனால் திரும்பாது. சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து காட்டுவதே உத்தமம்.

பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தாதீர்கள். ஸ்பிரிங்பீல்டின் முதல் வகுப்பிலேயே ஒரு பெண்மணி இருந்தார். தெருவிளக்கின் ஒளி வானத்துக்குப் போகாமல் தரையில் விழும்படி மூடி அமைக்க வேண்டுமென்று நகரசபைக்கு விண்ணப்பம் செய்யுங்கள். அதனால் மின்சாரச் செலவும் குறையும்.

வயிற்றுப்பாடும் வரிப்பாடும் இருக்க, நட்சத்திரக் கணக்கு எதற்கு என்று பொது வேலையில் ஈடுபட்ட நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்று அறிவோம். உலகில் பொய்ச் சாட்சி சொல்பவரைவிட, காணாததைக் கண்டதாகத் தாமே நம்பிச் சொல்பவர் அதிகம். நட்சத்திரத்தின் முன் நிற்பவன் தான் எதிர்பார்த்ததை எழுதக் கூடாது. நேற்று எழுதியதைப் பார்த்து இன்று எழுதக் கூடாது. பக்கத்தில் நிற்பவனுக்கு இணங்கியும் எழுதக் கூடாது. மேகம் மறைத்தால் மேகம் என்றே எழுத வேண்டும். அவன் எழுதியதைப் பிற தேசத்தான் ஒருவன் தன் கணக்கோடு ஒத்துப் பார்ப்பான். இவ்வாறு கண்டதைக் கண்டபடி சொல்லப் பழகிய பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால், அவ்வூரின் நகரசபையும் கோயில் கணக்கும் தேர்தற் கூட்டமும் அவர்களால் நன்மை அடையாமற் போகா.

ஊருக்குப் பத்துப் பேர், ஒரு மொட்டை மாடி, ஒரு பதிவேடு, இவ்வளவே மூலதனம். வருகிற அமாவாசையன்று முதற் பக்கத்தில் தேதியை எழுதுங்கள்.