போர் முடிந்தது, புகை நிற்கவில்லை



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் புகையிலையின் தீமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். "டிவியில வர்ற இங்கிலீஷ் படத்துல வெள்ளைக்காரப் பொம்பளைங்க எல்லாம் சிகரெட் புடிக்கிறாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் உலகப் போருக்கு (1914-18) முன்னால் இங்கிலாந்திலும் பெண் புகைப்பதை அசிங்கமாகத்தான் பார்த்தார்கள். இரண்டு உலகப் போர்களும் அதை மாற்றின. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் ஆலைகளுக்கு வரவேண்டியதாயிற்று. இரண்டாவது போரில், 1941 டிசம்பரில், 20 முதல் 30 வயதுவரை உள்ள மணமாகாத பெண்களை வேலைக்குக் கட்டாயமாக அழைக்கும் சட்டமே வந்தது. இரவு ஷிப்ட், தலைக்கு மேல் குண்டுவீச்சு, புருஷன் உயிரோடு இருக்கிறானா என்ற கவலை. வெடிமருந்து ஆலைக்குள் தீக்குச்சி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே சோதனை போடுவார்கள். இடைவேளையில் வெளியே வந்தால்தான் ஒரு சிகரெட்.

சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன், துணிக்குக்கூட ரேஷன். ஆனால் சிகரெட்டுக்கு ரேஷன் கிடையாது! வரி ஏறியது, சில நாள் கடையில் சரக்கு இருக்காது, அவ்வளவுதான். முதன்முதலாகக் கையில் சொந்தச் சம்பளம் பார்த்த பெண்கள் பலர் அதில் ஒரு பகுதியைச் சிகரெட்டில் விட்டார்கள். 1948-ல் எடுத்த கணக்கில், அந்த நாட்டில் 100 பெண்களில் 41 பேர் புகைத்தார்கள்.

போர் 1945-லேயே முடிந்துவிட்டதே, பழக்கம் ஏன் போகவில்லை? புகையிலையில் இருக்கும் நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும். பசி மந்தமாகும், மனசு லேசானது மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது இறங்கியதும் எரிச்சல், தவிப்பு. மறுபடி ஒன்று பிடித்தால் தவிப்பு அடங்கும். முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் தீர்க்கிறது. நமக்கோ கவலையே தீர்ந்ததுபோலத் தோன்றும். வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதைதான், குழுவில் உள்ள நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-ல் எடுத்துச் சொன்னார்கள். அப்போது நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கு வராது என்று அர்த்தமில்லை. அவர்கள் பிந்தி ஆரம்பித்தார்கள், நோயும் பிந்தி வந்தது. இந்த நோய் உள்ளே வளர 20, 30 வருடம் எடுக்கும். அமெரிக்காவில் 1987-ல், மார்பகப் புற்றுநோயைவிட நுரையீரல் புற்றுநோயால் இறந்த பெண்கள் அதிகமாகிவிட்டார்கள்.

போர்க்காலத் தாய்மாரின் மகள்கள் கதையும் உண்டு. 1940-ஐ ஒட்டிப் பிறந்த இங்கிலாந்துப் பெண்கள் சுமார் 13 லட்சம் பேரைப் பல வருடம் கவனித்து, 2012-ல் முடிவு சொன்னார்கள். விடாமல் புகைத்தவர்களுக்கு ஆயுளில் 10 வருடமாவது குறைந்தது. 40 வயதுக்குள் விட்டவர்களோ, புகையால் வரும் கூடுதல் ஆபத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தப்பித்தார்கள்.

கேள்வி கேட்ட அந்த அம்மா கூட்டம் முடிந்ததும் மெல்ல, "நாங்க வெத்தலையோட சேத்துதானே போடுறோம்?" என்றார். நடவு நேரத்தில் பசி தாங்க, பல்வலிக்கு என்று பலர் போடுகிறார்கள். அதிலும் இருப்பது இதே நிகோடின்தான். வாய்ப்புற்றுநோயும் வரும், கர்ப்பிணி போட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். விட நினைப்பவர்கள் 1800 112 356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். முதல் ஒரு வாரம்தான் அதிகப் பாடு. அந்த வாரத்தில் பக்கத்துவீட்டு உறுப்பினர் யாராவது துணைக்கு இருக்கட்டும்.